காணிக்கை நேரத்துச் சாக்ஸபோன்

ஒருவர் இறைவனிடம் பேசிக்கொண்டிருக்கையில், நேரமாகிவிட்டது என்று சொல்லி அவருடைய முழங்கையைத் தொட இன்னொருவருக்கு என்ன உரிமை இருக்கிறது? பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தக் கேள்வியை நான் எவரிடமும் கேட்டதில்லை. இப்போது உங்களிடம் கேட்கத் தூண்டியது ஒரு பேக்கரி.

சென்ற வாரம் அலுவல் காரணமாகத் தென்காசிக்குப் போயிருந்தேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்த பேக்கரியில் பிளம் கேக் பெட்டிகளை மார்பளவு அடுக்கி, அதன்மேல் சரிகைத் தோரணம் சுற்றியிருந்தார்கள். கல்லாவில் இருந்த பெண்ணின் கைப்பேசியிலிருந்து ஒரு சிறிய ஒலிபெருக்கி வழியாகக் கிறிஸ்துமஸ் இசை வந்துகொண்டிருந்தது. சாக்ஸபோன். எல்லோருக்கும் பழகிய மெட்டை ஒருமுறை நேராகச் சொல்லி முடித்தபின், அந்த வாத்தியம் மெல்ல மெட்டைவிட்டு இறங்கித் தன் போக்கில் நடக்கத் தொடங்கியது. நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன். அதற்குள் அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. இசை நின்றது. பேசி முடித்ததும் அவள் வேறொரு பாட்டை வைத்தாள்.

"அது இன்னும் முடியலியேம்மா" என்றேன்.

"அதுல பாட்டே இல்லையே சார். சும்மா ஊதிட்டுல்லா இருக்கான்" என்றாள் அவள், எனக்காக வருத்தப்படுகிறவள்போல.

அவளைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அவள் ஒரு கைப்பேசியைத்தான் நிறுத்தினாள்.

கேக்கில் கிராம்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கிராம்பின் மணம் பிறருக்குச் சமையலறையையோ பல்வலியையோ நினைவூட்டலாம். எனக்கு அது நீலவெல்வெட் உறை தைத்த ஒரு கறுப்புப் பெட்டியை நினைவூட்டுகிறது. பூச்சி அண்டாதிருக்க ஞானராஜ் அண்ணாச்சி தம் சாக்ஸபோன் பெட்டியின் மூலைகளில் கிராம்பு போட்டு வைத்திருப்பார். பெட்டியைத் திறந்தால் முதலில் மணம் வரும். பித்தளையின் மினுக்கம் பிறகுதான்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. சமூகப்பணியில் பட்டமேற்படிப்பை முடித்துவிட்டு, பீடி சுற்றும் பெண்களின் உடல்நலம் பற்றிய ஒரு கள ஆய்வுக்காகத் தென்காசிக்கு வந்திருந்தேன். உலகத்தின் துயரங்களை வினாத்தாளில் நிரப்பி முடித்துவிடலாம் என்று நம்பிய வயது. தங்குவதற்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை கிடைத்தது. குற்றாலத்தில் சீசன் என்றால் ஆனி, ஆடி, ஆவணிதான். சாரல் ஓய்ந்தபின் அந்த ஊரில் லாட்ஜ் நடத்துவதும் வெறும் மேடைக்குக் காவல் இருப்பதும் ஒன்றுதான். முப்பது அறைகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் இருபத்தொன்பது சாவிகள் வரவேற்பறைப் பலகையில் தொங்கின. முப்பதாவது என் சட்டைப்பையில் இருந்தது. சுவர்கள் ஈரத்தில் பூத்திருந்தன. அருவியின் இரைச்சல் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் அது இரைச்சலாகவே தோன்றாது, வெறுமையின் ஓசையாகத் தோன்றும். என் தாய் அக்காளின் பிரசவத்துக்காக வளைகுடா நாட்டுக்குப் போயிருந்தார். தந்தை முன்பே காலமாகிவிட்டார். வருகிற கிறிஸ்துமசுக்கு எங்கே போவது என்ற கேள்வியை ஐப்பசியிலேயே ஒத்திவைக்கத் தொடங்கியிருந்தேன்.

ஞானராஜ் அண்ணாச்சி அந்த லாட்ஜின் மேலாளர். ராணுவ பேண்டில் பதினேழு ஆண்டுகள் சாக்ஸபோன் வாசித்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்த முதுகு, ஒட்ட வெட்டிய தலைமயிர். வாளியில் வெந்நீர் கொண்டுவரும்போதுகூட அணிவகுப்பில் நடப்பவரைப்போலவே வருவார். மதியம் இரண்டு மணிக்கு மேல், வேலையற்ற அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் அமர்ந்து வாசிப்பார். கேட்பதற்கு நானும் இரண்டு மூன்று குரங்குகளும் இருப்போம். குரங்குகள் என்னைவிட ஒழுங்காக வந்தன.

அவருடைய நட்பு கிடைத்ததே என் மடமையால்தான். வாசிக்கும் முன் அந்த வாத்தியத்தின் வாயில் பொருத்தும் மூங்கில் போன்ற சிறு பட்டையை ஒரு டம்ளர் நீரில் ஊறவைப்பார். அதை ரீடு என்பார்கள். ஒருநாள் தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்த அந்த டம்ளரை எடுத்து நான் பாதி குடித்துவிட்டேன்.

"அய்யய்யோ தம்பி, அது ரீடு வெள்ளம்லா!" என்று பதறியவர், பிறகு அடக்கமுடியாமல் சிரித்தார். "பரவால்ல. இனி ஒங்க தொண்டையிலயும் கொஞ்சம் சங்கீதம் வரும்."

அதற்குமுன் நான் அவருக்குச் சாராக இருந்தேன். அன்று தம்பியானேன்.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினார்கள். பேரருவியில் குளித்துவிட்டுச் செங்கோட்டை வழியாக மலைக்குப் போகிறவர்கள், திரும்பி வருகிறவர்கள் எனக் கறுப்பும் காவியும் நீலமுமாகத் தெரு நிறைந்தது. சிப்ஸ் கடைகளில் தேங்காயெண்ணெய் கொதித்தது. லாட்ஜில் ஒரே நாளில் இருபது சாவிகள் பலகையைவிட்டு இறங்கின. மறுநாள் ஏறிவிடும். ஒருவர் சரணம் விளிக்க, நூறு பேர் பதிலுக்கு முழங்குவதை மாடியில் நின்று இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"கேட்டியளா தம்பி" என்றார் அவர். "ஒரு ஆளு கேக்கான், நூறு பேரு பதில் சொல்லுதாங்க. எங்க பேண்டுல ஒரு கோவாக்காரரு இருந்தாரு. ஜாஸ்னா இதாம்பாரு. ஒருத்தன் கேக்கணும், இன்னொருத்தன் சொல்லணும். எனக்கு நூறு பேரு வேண்டாம். ஒத்த ஆளு பதில் சொன்னா போதும்."

யார் அந்த ஒருவர் என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் வினாக்கள் கேட்பது அப்போது என் தொழிலாக இருந்தது.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் என்று தொடங்கினார். அவர் வடக்கே ஒரு முகாமில் அதிகாரிகளின் விருந்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த மாலையில் தென்காசி மருத்துவமனை ஒன்றில் அவருடைய மனைவி எஸ்தர் காய்ச்சலில் இறந்துபோனார். செய்தி தொலைபேசியில் வந்தது. வாசிப்பு முடியட்டும் என்று பேண்டு மாஸ்டர் ஒரு மணி நேரம் அதைத் தமக்குள்ளேயே வைத்திருந்தார்.

"அவ போன நேரத்துல நான் சந்தோசப் பாட்டு வாசிச்சிட்டு இருந்திருக்கேன் தம்பி. அன்னைக்கு மாதிரி நான் என்னைக்கும் வாசிச்சதில்ல. ஆண்டவரு எனக்குள்ள இருந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சு. அது அவருதானா? அவருதான்னா, அந்த நேரத்துல என்னய எதுக்கு அப்படி வாசிக்க வச்சாரு? இதத்தான் கேக்கணும்."

அதற்குப்பின் அவர் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். வீட்டிலிருந்தே கேட்கக்கூடாதா என்றேன். சமூகப்பணிக் கல்லூரியில் இத்தகைய அபத்தங்களை மாற்று வழிகளை ஆராய்தல் என்று அழைப்போம்.

"இங்கன கேட்டுட்டுத்தான் இருக்கேன். பதில் கோயில்ல வச்சுத்தான் வரும்னு தோணுது. அதுவும் அந்தப் பண்டிகை அன்னைக்கு" என்றார்.

வாசிப்பு எப்படி இருக்கும் என்பதையும் சொன்னார். "மொதல்ல பாட்டு. அது எல்லாருக்கும் உள்ளது. பெறவு நான் கேக்கது. கடைசில அவரு சொல்லுதது." பிறப்பின் பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்து முதல் பகுதியை வாசித்தார். பிறகு இரண்டாவது. மெட்டு அவர் கையில் உடைந்தது. ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் சற்று உயர்த்தி, பதில் வராத கதவைத் தட்டுகிறவரைப்போல வாசித்தார். நிறுத்தினார். மூன்றாவது எங்கே என்றேன்.

"அது ரிகர்சல்ல வராது தம்பி. நான் வாசிக்கதுன்னா இப்பவே வாசிச்சுக் காட்டிருவேனே."

தென்காசியில் நான் போய்வந்த சிறிய சபையில், படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைப் பாடகர் குழுவின் செயலாளராக்கியிருந்தார்கள். பண்டிகை ஆராதனையின் நிகழ்ச்சி நிரலை எழுதுவது என் பொறுப்பு. காணிக்கைப் பைகள் வரிசை வரிசையாகப் போய்த் திரும்பும்வரை ஏதாவது ஒரு வாத்தியம் மட்டும் வாசிப்பது அங்கே வழக்கம். வழக்கமாகக் கீபோர்டு. இந்த ஆண்டு சாக்ஸபோன் என்று நான் கமிட்டியில் முன்மொழிந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜாஸ் என்ற சொல்லை உச்சரித்துத் தொலைத்தேன்.

சபைச் செயலர் தங்கையா அண்ணாச்சி மரக்கடை வைத்திருந்தவர். காதில் சிறிது மந்தம். "என்னது, ஜாஸ்தியா?" என்றார்.

"ஜாஸ், அண்ணாச்சி."

"அதான் வே கேக்கேன், என்ன ஜாஸ்தி?"

நான் எழுந்து நின்று விளக்கினேன். அடிமைகளாக விற்கப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள் பருத்திக் காட்டிலும் ஜெபக்கூடத்திலும் பாடிய பாட்டிலிருந்து பிறந்த இசை என்றேன். ஒடுக்கப்பட்டவர்களின் வழிபாடு என்றேன். எழுதியதை வாசிப்பது மனிதனின் திறமை, எழுதாததை வாசிப்பது அருள் என்றேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஏறத்தாழ பத்து நிமிடம் பேசியிருப்பேன்.

"ஹோட்டல்ல குடிச்சிட்டு ஆடுதவனுக்கு வாசிக்கதுல்லா அது?" என்றார் ஒருவர்.

தங்கையா அண்ணாச்சி கையமர்த்தினார். "ஏய், விடும் வே. ஞானராசு நம்ம பய. ஒம்பது வருசமா கோயில் வாசல மிதிக்கல. வாசிக்கணும்னு வருதான்னா வரட்டும். ஜாஸ்தி மட்டும் வேண்டாம்னு சொல்லும். பை வார வரைக்கும் போதும்."

கமிட்டி சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது. நிரலில் நான் எழுதினேன்: காணிக்கை, சாக்ஸபோன், நான்கு நிமிடம்.

இனி சொல்லப்போவதுதான் என் பிழை. மூன்று பகுதிகள் இருப்பதையும், கடைசிப் பகுதிக்கு எவ்வளவு நேரமாகும் என்று வாசிப்பவருக்கே தெரியாது என்பதையும் நான் கமிட்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுத்துவிடுவார்கள் என்று கணித்தேன். நான்கு நிமிடம் என்று நிரலில் எழுதியதை ஞானராஜ் அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனம் சுருங்கிவிடும் என்று கணித்தேன். இருதரப்பிலும் விளைவுகளை எடைபோட்டு, இருதரப்புக்கும் பாதிப்பாதி உண்மையை வழங்கினேன். அதை அன்று சாமர்த்தியம் என்று எண்ணினேன்.

பண்டிகை நாள் விடியலில் முதல் பேருந்து வரவில்லை. மலையிலிருந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேனில் ஐயப்ப சாமிகள் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். பெட்டியில் என்ன என்று குருசாமி கேட்டார். வாத்தியம், கோயிலில் வாசிக்கப் போகிறோம் என்றார் அண்ணாச்சி. "நல்லா வாசிங்க சாமி" என்று அவர் ஆசி சொன்னார். யாருடைய கோயில் என்று கேட்கவில்லை. ஞானராஜ் அண்ணாச்சி மடியில் பெட்டியை அணைத்தபடி, ஈரமான வேட்டிகளுக்கு நடுவே, முதல்முறை பள்ளிக்குப் போகும் குழந்தையின் முகத்தோடு அமர்ந்திருந்தார்.

ஆலயம் நிரம்பியிருந்தது. புதுத்துணியின் கஞ்சி மணம், மல்லிகை, மெழுகுவத்திப் புகை. போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். அவர் அங்கே ஆராதனையை முடித்துவிட்டு இன்னொரு கிராமத்துச் சபைக்கும் போகவேண்டும். வெளியே கார் காத்திருந்தது. காணிக்கை என்று அறிவித்தார். பைகள் புறப்பட்டன. அண்ணாச்சி பாடகர் குழுவுக்கு அருகில் நின்று வாசிக்கத் தொடங்கினார்.

முதல் பகுதிக்குச் சபையார் வாய்க்குள் கூடவே பாடினார்கள். பின்வரிசைப் பெண்கள் தலையாட்டினார்கள். இரண்டாவது பகுதி தொடங்கியதும் அந்தத் தலைகள் நின்றன. மாடியில் கேட்டதைவிட அது பத்து மடங்கு கடுமையாக இருந்தது. கேள்வி உயர்ந்துகொண்டே போனது. குழந்தைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். அவர் கண்கள் மூடியிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பைகள் திரும்பி வந்துவிட்டன. பை பிடித்தவர்கள் நால்வரும் பீடத்தின் முன் வரிசையாக நின்றார்கள். ஐயர் அவற்றை வாங்கிப் படைத்து ஜெபிக்கவேண்டும். சபை எழுந்து நிற்கவேண்டும். எழுவதா இருப்பதா என்று தெரியாமல் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். வாத்தியம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தங்கையா அண்ணாச்சி முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக் கைக்கடிகாரத்தை இரண்டு விரலால் தட்டினார்.

நான் எடைபோட்டேன். கிராமத்தில் ஐயருக்காகக் காத்திருக்கும் மக்கள், அழத் தொடங்கிய ஒரு குழந்தை, ஒழுங்கு, அடுத்த ஆண்டு இத்தகைய முயற்சிக்கு இடம் கிடைக்காமல் போகும் அபாயம் என்று எல்லாவற்றையும் தட்டில் வைத்தேன். எல்லாம் நியாயமானவை. ஆனால் தட்டைத் தாழ்த்தியது இவற்றில் எதுவுமில்லை, என் பெயர்தான். முன்மொழிந்தவன் நான். நிரலில் நான்கு என்று எழுதியவன் நான்.

அப்போது வாத்தியம் நின்றது. முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். முடியவில்லை. அவர் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுக்காமல், கண்ணைத் திறக்காமல், தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். மறுமுனையில் எவரோ பேசத் தொடங்கும்போது நாம் அப்படித்தான் நிற்போம். பிறகு மிகத் தாழ்ந்த ஒரு சுரம் வந்தது. அதுவரை அவர் வாசித்த எதைப்போலவும் அது இல்லை. இரண்டாவது சுரம் அதைத் தொடர்ந்தது.

நான் இரண்டடி நடந்து அவர் முழங்கையைத் தொட்டேன். "அண்ணாச்சி, பை வந்துட்டு" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் தாம் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தேடுவதுபோல ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பீடத்தையும் பைகளையும் பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லி வாத்தியத்தை இறக்கினார். சபை நிம்மதியாக எழுந்து நின்றது. ஐயர் ஜெபித்தார்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் கேக்கும் காப்பியும் கொடுத்தார்கள். தங்கையா அண்ணாச்சி வந்து ஞானராஜ் அண்ணாச்சியின் தோளில் கைபோட்டார். அதில் உண்மையான அன்பு இருந்தது என்பதையும் நான் எழுதியாகவேண்டும்.

"பிரமாதம் வே ஞானராசு. ஆனா நான் அப்பவே சொன்னேன்லா, கொஞ்சம் ஜாஸ்தி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானராஜ் அண்ணாச்சியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

திரும்பும் பேருந்தில் கூட்டமில்லை. இலஞ்சி விலக்குவரை அவர் பெட்டியை மடியில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வயல்களில் நீர் நிறைந்து, மலைமேல் மேகம் படிந்திருந்தது. அதற்குமேல் என்னால் பொறுக்க இயலவில்லை.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"என்னத்துக்கு? பை வந்துட்டுல்லா."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும் தம்பி" என்றார், கோபமின்றி. "பதில் சொல்லுதவருல்லா அதச் சொல்லணும்."

அன்று அவர் மனைவி இறந்தபோது, செய்தியைச் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்த அந்த பேண்டு மாஸ்டரை நான் நினைத்துக்கொண்டேன். அவர் செய்தது இரக்கமா கொடுமையா என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. முடிக்கும்வரை விட்டார் என்பது மட்டும் தெரியும்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று மதியம் மாடியில் எந்த ஓசையும் இல்லை. அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகத் தாய் தொலைபேசியில் சொன்னார். பண்டிகை எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது, குறித்த நேரத்தில் முடிந்தது என்றேன்.

அண்ணாச்சி என்னோடு சண்டையிட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாறாக, எப்போதும்போல வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிறுதோறும் ஆலயத்துக்கும் வரத் தொடங்கினார். ஒன்பது ஆண்டுகள் விலகியிருந்தவரை மீட்டுக்கொண்டுவந்த பெருமையைச் சபை எனக்கு அளித்தது. ஆண்டறிக்கையில் ஒரு வரியும் எழுதினார்கள். மறுத்து எழுதும் துணிவு எனக்கு இல்லை. அடுத்த கிறிஸ்துமசுக்குக் கமிட்டியே அவரை அழைத்தது. அதே கீர்த்தனையை அவர் இரண்டுமுறை, சுருதி பிசகாமல் வாசித்தார். பைகள் கடைசி வரிசையைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டு வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இம்முறை எல்லோருக்கும் பிடித்திருந்தது. பாடகர் குழுவில் நின்றபடி, அந்த ஆலயத்தில் நான் மட்டும் தனியாக இருப்பதாக உணர்ந்தேன்.

ஆய்வு முடிந்து நான் வேறு மாவட்டத்துக்குப் போனேன். சிலகாலம் பண்டிகைதோறும் பேசிக்கொண்டோம்; பிறகு எண் மாறிவிட்டது. சென்ற வாரம் பேக்கரியிலிருந்து எழுந்து குற்றாலத்துக்குப் போய்ப் பார்த்தேன். லாட்ஜ் கைமாறி, அறைகளை இடித்துப் பெரிதாக்கிக் கட்டியிருக்கிறார்கள். கதவுகளுக்கு இப்போது அட்டைதான், சாவி கிடையாது. வரவேற்பில் இருந்த இளைஞருக்கு அவரைத் தெரியவில்லை. தங்கையா அண்ணாச்சியின் மகனைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். ஞானராஜ் அண்ணாச்சி ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே திருச்சிப் பக்கம் தங்கை வீட்டோடு போய்விட்டார் என்றார். போகிறவரை ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வாசித்தாராம்.

"எப்படி வாசிப்பாரு?" என்றேன்.

"கரெக்டா வாசிப்பாரு சார். ஒரு நாளும் நேரம் தாண்டுனதில்ல."

நான் பாடகர் குழுவைவிட்டு விலகிப் பத்தாண்டுகள் ஆகின்றன. ஞானராஜ் அண்ணாச்சி அந்த விடியலுக்குப் பிறகு, நான் கேட்டவரையில், எழுதியிருந்த மெட்டுக்கு மேல் ஒரு சுரமும் வாசிக்கவில்லை.